விட்டுப்போன கட்டம்

நம் நெற்றியில் ஒரு சிவப்புப் புள்ளி நின்றால் அது நமக்குத் தெரியாது. எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சிதம்பரத்தில், பல்கலைக்கழக இயற்பியல் துறையின் கருத்தரங்கு அறையில், ஆய்வு மாணவியாக நான் முதன்முதலில் பேச எழுந்த நாளில் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். என் நெறியாளர் முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பேனாவைப் போலச் சட்டைப் பையில் செருகி வைத்திருக்கும் லேசர் விளக்கை எடுத்து, திரையில் காட்ட வேண்டிய ஒளியை என் மேல் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு வாக்கியத்தைத் தவறாகச் சொன்னால் புள்ளி நெற்றிக்கு வரும். திணறினால் தொண்டைக்கு இறங்கும். கண்ணில் பட்டுவிடுமே என்று முகத்தைத் திருப்பினால், "ஆடியன்ஸப் பாத்துப் பேசும்மா" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்காதவர்கள் பேசும் முறை வரும்போது அந்தப் புள்ளி அவர்கள் மேல் நிற்கும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

காலமானவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். எனக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவர் நன்றாக இருக்கிறார். ஓய்வு பெற்ற பிறகும் தேய்த்த வெள்ளைச் சட்டையும் பளபளக்கும் செருப்புமாகக் கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறார். எங்கள் பெயரை அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். நான் 'கடலூர்'. எனக்கு முன்னால் அவரிடம் ஆய்வு செய்தவர் 'காட்டுமன்னார்கோயில்'. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது பிரியமாகத் தெரியும். "எல்லார் ஊரையும் ஞாபகம் வெச்சிருக்கார் பாருங்க" என்று வியப்பார்கள். பெயரே தெரியாதவரைப் போல ஒருவரை ஆண்டுக்கணக்கில் நடத்துவதற்கு அதைவிட வசதியான வழி கிடையாது என்பது உள்ளே இருந்தவர்களுக்குத்தான் புரியும்.

அவரிடம் நானாகத்தான் போய்ச் சேர்ந்தேன். கடலூரில் முதுகலை படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் கல்லூரிக்குப் பேச வந்திருந்தார். ஒளி பட்டால் அணுவிலிருந்து எலக்ட்ரான் வெளியேறும், அணு அயனியாகிவிடும். இது பள்ளிக்கூடத்துப் பாடம். அவர் அங்கிருந்து ஆரம்பித்தார். "வெளியேறிடுச்சு, சரி. எந்தப் பக்கமா போச்சு? ஒளி பட்ட உடனே கிளம்பிச்சா, கொஞ்சம் தயங்கிட்டுக் கிளம்பிச்சா? அது போறப்போ மத்த எலக்ட்ரான்லாம் சும்மா வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல் தண்ணீர் குடித்தார். மஞ்சக்குப்பத்திலிருந்து ஓல்டு டவுனுக்குப் பஸ்ஸில் திரும்பியபோது எனக்கு வேறு நினைப்பே இல்லை. மாதா கோயில் நிறுத்தத்தில் இறங்க மறந்து, துறைமுகம் வரை போய் நடந்து வந்தேன். அந்தக் கேள்விகளுக்காகவாவது அவருக்கு நன்றி சொல்லக் கூடாதா என்று சிலர் என்னிடம் கேட்டதுண்டு. அந்தக் கேள்விகள் உலகமெங்கும் பல பேர் கேட்டுக்கொண்டிருந்தவை. அவற்றை அழகாகச் சொல்லத் தெரிந்தவர் அவர். அந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மேல் கொடுப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

எங்கள் துறையில் அணுவின் மேல் ஒளியைப் பாய்ச்சிப் பார்க்கும் கருவி எதுவும் கிடையாது. அதெல்லாம் வெளிநாட்டில். நாங்கள் கணக்குப் போடுவோம். இன்ன நிறமுள்ள ஒளி ஆர்கான் அணுவில் பட்டால், இன்ன எலக்ட்ரான் வெளியேற எவ்வளவு வாய்ப்பு, எந்தத் திசையில் அதிகம் போகும், எந்தத் திசையில் குறைவாகப் போகும் என்று கணினியை ஓட்டிக் கண்டுபிடித்து, அங்கே அளந்த எண்களோடு ஒப்பிடுவோம். ஓட்டுகிற நிரல் என் நெறியாளருடையது. இளம் வயதில் ஐரோப்பாவில் இருந்தபோது எழுதியது. "என் கையால எழுதினது. ஒரு வரி வேற யாரோடதும் கிடையாது" என்று அதை அறிமுகப்படுத்துவார். துறைக்கு வரும் விருந்தினர்களுக்குக் கோயில் கோபுரத்தைக் காட்டுகிற மாதிரி அதைக் காட்டுவார்.

நிரலை ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் காட்டுமன்னார்கோயில் அண்ணன். நான் சேர்ந்தபோது அவர் பட்டம் வாங்கி, சிதம்பரத்துக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். சனிக்கிழமைகளில் வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, எந்த எண்ணை எங்கே மாற்றவேண்டும் என்று பொறுமையாகச் சொல்வார். நெல் விளைவிக்கிற குடும்பம். அந்தக் குடும்பத்தில் முதல் டாக்டர் பட்டம். பட்டம் வாங்கியபோது அவருடைய மாமா ஊர் முக்கில் பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தாராம். அங்கியும் தொப்பியுமாக இவர் படம், பக்கத்தில் அணுவின் படம், கீழே சொந்தக்காரர்கள் எல்லோருடைய தலைகளும். "அணுவச் சுத்தி எலக்ட்ரானுக்குப் பதிலா எங்க மாமா மச்சான் எல்லாம் சுத்திக்கிட்டு இருந்தாங்க" என்று சொல்லிச் சிரிப்பார். பயந்த சுபாவம். சார் நடந்து வரும் செருப்புச் சத்தம் கேட்டால் பேச்சைப் பாதியில் நிறுத்திவிடுவார்.

எங்கள் கணக்கில் ஒரு தொல்லை இருந்தது. எவ்வளவு எலக்ட்ரான் வெளியேறும் என்ற எண் வெளிநாட்டு அளவீட்டோடு அழகாகப் பொருந்தும். எந்தத் திசையில் போகும் என்ற எண் மட்டும் பொருந்தாது. அவர்கள் வளைவு மேலே போகும் இடத்தில் எங்களுடையது கீழே போகும். சாருக்கு இதில் கவலையே இல்லை. "அவன் கருவியில கோளாறு. நம்ம கணக்கு கரெக்ட்" என்பார். அண்ணனின் ஆய்வேட்டிலும், அதை வைத்து வெளிவந்த கட்டுரைகளிலும் அதையே கொஞ்சம் நாகரிகமான ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. வெளிநாட்டில் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு கருவிகளால் அளந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரியாகவா தவறு செய்வார்கள்?

ஒரு மதியம் ஹைட்ரஜனை எடுத்துக்கொண்டேன். கிளர்ந்த நிலையில் இருக்கும் ஹைட்ரஜன். அதற்கு முழு விடையும் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. நிரலின் யோக்கியதையைச் சோதிக்க அதைவிட எளிய வழி இல்லை. ஏன் யாரும் செய்யவில்லை என்று இன்றும் எனக்கு ஆச்சரியம். ஓட்டினேன். எண்ணிக்கை சரி, திசை தவறு. அதற்குப் பிறகு நிரலை வரிவரியாகப் படித்துக் காரணத்தைக் கண்டுபிடிக்கச் சில வாரங்கள் ஆயின. வெளியேறும் எலக்ட்ரான் அலையாகப் போகிறது. பெரும்பாலும் இரண்டு அலைகள் சேர்ந்து போகும். ஒன்று இன்னொன்றைவிட எவ்வளவு பின்தங்குகிறது என்பதைக் கட்டம் என்போம். எந்தத் திசையில் அலைகள் கூடும், எந்தத் திசையில் குறையும் என்பதை அந்தக் கட்டம்தான் தீர்மானிக்கிறது. மொத்த எண்ணிக்கையில் அது தலையிடாது. சார் அந்த நிரலை முதலில் எழுதியது எதிர்மின் அயனிகளுக்காக. அவற்றிலிருந்து ஓர் எலக்ட்ரான் போய்விட்டால் மிச்சம் இருப்பது மின்னூட்டமில்லாத அணு. தூரம் போன எலக்ட்ரானை அது இழுக்காது. பிற்பாடு அதே நிரலைச் சாதாரண அணுக்களுக்கு ஓட்டினார்கள். அங்கே மிச்சம் இருப்பது நேர்மின் அயனி. எலக்ட்ரான் எவ்வளவு தூரம் போனாலும் அது இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த இழுப்பால் வரும் கட்டத்தை யாரும் சேர்க்கவில்லை. நான் சேர்த்து ஓட்டினேன். ஆர்கானின் வளைவு மேலே எழும்பி, வெளிநாட்டுப் புள்ளிகளின் மேல் போய் உட்கார்ந்தது. பக்கத்தில் யாருமில்லை. சத்தமாகச் சிரித்தேன். என் ஆய்வு வாழ்க்கையில் முழுசாக என்னுடையதாக இருந்த சந்தோஷம் அந்த மதியம் ஒன்றுதான்.

மறுநாள் படத்தை எடுத்துக்கொண்டு சாரின் அறைக்குப் போனேன். பாராட்டுவார் என்றுதான் நினைத்தேன். வெகுநேரம் படத்தைப் பார்த்தார். நான் சொல்லி முடிப்பதற்கு முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் மூளை மந்தமில்லை, அதை முகத்தில் பார்த்தேன். பிறகு படத்தைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் காபி டம்ளரை வைத்தார்.

"வீட்ல மாப்பிள்ளை பாக்கறாங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க சார்."

"பாக்கச் சொல்லு. வயசாகுது. தேவையில்லாததுல எல்லாம் புத்தி போகுது."

"சார், ஹைட்ரஜனுக்கே தப்பா வருது சார். நீங்களே ஒரு தடவை..."

"இந்தப் புரோகிராம நான் எழுதறப்போ நீ பொறக்கல கடலூர். நீ சேத்தத எடுத்துட்டுப் பழையபடி ஓட்டு. அடுத்த வாரம் கொண்டாந்து காட்டு."

நான் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு எனக்கு அடுத்த வாரம் என்பதே வரவில்லை. எழுதிக் கொடுத்த அத்தியாயங்கள் அவர் மேசையில் தூசி படிந்து கிடந்தன. கணினி அறையில் என் கடவுச்சொல் வேலை செய்யவில்லை. கேட்டால், பராமரிப்பு என்றார்கள். இளங்கலைத் தேர்வுகளுக்கெல்லாம் என்னைக் கண்காணிப்பாளராகப் போட்டார். அவர் பேத்தியின் பள்ளிக் கண்காட்சிக்குத் தெர்மகோலில் அணு மாதிரி செய்து தரச் சொன்னார். செய்தும் கொடுத்தேன். துறைக்கு யார் வந்தாலும் என்னைக் காட்டி, "இவுங்க பெரிய ஆளு. எனக்கே தப்புக் கண்டுபிடிக்கிறாங்க" என்பார். வந்தவர் சிரிப்பார். என்னோடு சேர்ந்த ஆய்வு மாணவி ஒருத்தி, மேல்பட்டாம்பாக்கத்துக்காரி, என்னோடு டீ குடிக்க வருவதை நிறுத்திக்கொண்டாள். நான் கேட்டபோது, "கோச்சுக்காதடி, எனக்கு இந்த வருசம் முடிக்கணும்" என்றாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. அவளை அப்படிச் சொல்ல வைத்த மனிதர் மேல் இருக்கிறது.

கடைசியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அண்ணனைப் பார்க்கக் காட்டுமன்னார்கோயில் போனேன். வீட்டில் வைத்துப் பேச வேண்டாம் என்று வீராணம் ஏரிக் கரைக்குக் கூட்டிப் போனார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆச்சரியப்படவில்லை. அது எனக்கு உறுத்தியது.

"உனக்கு முன்னாடியே தெரியுமாண்ணா?"

"அத விடும்மா" என்றார். பிறகு, "இத நீ வெளிய போட்டேன்னா என் தீசிஸ் என்னாவறது? காலேஜ்ல கூப்ட்டுக் கேப்பாங்க. ரெண்டு பிள்ளைங்க இருக்கு. என் பொழப்புல கை வெச்சிடாத" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"தப்பு உன்னோடது இல்லையேண்ணா. சாரோடது."

"அட்டையில எம்பேருதானே இருக்கு."

திரும்பி வரும் பஸ்ஸில் நான் அழுதது நிஜம். அழுகையைவிடக் கோபம்தான் ஜாஸ்தி. ஒரு மனிதர் ஒரு வரி விட்டுவிட்டார், அதை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார், அதற்காக இன்னொரு மனிதர் ஏரிக் கரையில் நின்று என்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறார். இதில் எலக்ட்ரான் எங்கே இருக்கிறது, அணு எங்கே இருக்கிறது?

ஆய்வேட்டுச் சுருக்கத்தைத் துறையின் முன்னால் வைக்கும் நாள் விதிப்படி வந்தே தீர வேண்டியிருந்தது. என் வளைவைத் திரையில் போட்டேன். சார் எழுந்திருக்கவில்லை. பின்வரிசையைப் பார்த்துக் கை காட்டினார். அங்கே அண்ணன் உட்கார்ந்திருந்தார். சார்தான் வரச் சொல்லியிருக்கிறார். "இந்தப் புரோகிராம வருசக்கணக்கா ஓட்டினவர் இருக்காரு. அவரே சொல்லட்டும். காட்டுமன்னார்கோயில், நீ சொல்லுப்பா. தப்பு இருக்கா?" என்றார். அண்ணன் எழுந்து நின்றார். நெற்றியெல்லாம் வேர்வை. என்னைப் பார்க்காமல், "பாக்கணும் சார். உடனே சொல்ல முடியாது. ரெண்டு விதமாவும் சொல்லலாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். ஹைட்ரஜனை ரெண்டு விதமாகச் சொல்ல முடியாது. அது அவருக்கும் தெரியும், அந்த அறையில் இருந்த பேராசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் சுருக்கம் திருப்பி அனுப்பப்பட்டது.

அன்று கடலூர் வந்ததும் அம்மாவிடம், படிப்பை விடுகிறேன் என்றேன். அம்மா மாதா கோயில் பங்குப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா போன பிறகு என்னைத் தனியாக வளர்த்தவர். நல்லது சொல்லித் தேற்றுகிற பழக்கம் அவரிடம் கிடையாது. "விட்டுட்டு என்னா பண்ணப் போற? அந்த ஆளு சந்தோசப்படுவான். உனக்கு அதுதான் வேணும்னா விடு" என்றார். சாப்பாடு போட்டார். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரே உட்கார்ந்து, தெரிந்த கெட்ட வார்த்தைகளில் அந்தோணியார் படத்துக்கு முன்னால் சொல்லக்கூடிய அளவுக்கானவற்றைச் சொல்லி சாரைத் திட்டினார். எனக்கு அது போதுமாக இருந்தது. மறுவாரம் நெறியாளரை மாற்றித் தருமாறு எழுதிக் கொடுத்தேன். அப்படிக் கேட்ட மாணவியை எந்தப் பேராசிரியரும் ஏற்க மாட்டார் என்றார்கள். ஓய்வுபெறும் தறுவாயில் இருந்த ஒரு பேராசிரியை ஏற்றுக்கொண்டார். படிகங்களைப் பற்றி ஆராய்ந்தவர். "எனக்கு உன் சப்ஜெக்ட் தெரியாது. கையெழுத்துப் போடத் தெரியும். போடறேன்" என்றார். சாருக்கும் அவருக்கும் பழைய பகை ஒன்று இருந்ததாம். அந்தப் பகைக்கு நான் என்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

கட்டுரையை என் பெயரில் மட்டும் அனுப்பினேன். யாரையும் குறை சொல்லாமல், இன்ன கட்டத்தைச் சேர்த்தால் இன்ன விடை வருகிறது என்று மட்டும் எழுதியிருந்தேன். வெளிவந்தது. பட்டமும் வந்தது. கடலூரிலேயே ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த ஆண்டு சார் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதே திருத்தம், ஆர்கானோடு இன்னும் சில அணுக்களைச் சேர்த்து. என் கட்டுரையைப் பற்றி ஒரு சொல் இல்லை. முன்னுரையில் ஒரு வாக்கியம் இருந்தது. இந்த நிரலைச் சாதாரண அணுக்களுக்கு விரிவாக்கிய முன்னாள் மாணவர் ஒருவர் கவனக்குறைவால் கட்டத்தை விட்டுவிட்டார், அது இப்போது எங்களால் சரிசெய்யப்பட்டது என்று. மேற்கோளில் அண்ணனின் ஆய்வேடு, முழுப் பெயரோடு. அவர் அண்ணனின் பெயரைப் பயன்படுத்தி நான் பார்த்தது அந்த ஒரே இடத்தில்தான்.

அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றியவர் உள்ளே வரத் தயங்கி நின்றார். அம்மா, "வாப்பா, உள்ள வா" என்ற பிறகுதான் வந்தார். கல்லூரியில் கூப்பிட்டு விளக்கம் கேட்டிருக்கிறார்கள். வரவேண்டிய பதவி உயர்வை நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

"அந்தப் புரோகிராம அணுவுக்கு மாத்தினது நாந்தாம்மா. சார் மாத்தச் சொன்னாரு, மாத்தினேன். அப்பவே கேட்டேன். 'சார், தூரத்துல இருக்கற இழுப்பு இதுல வருதா'ன்னு. 'எல்லாம் உள்ள இருக்கு, நீ ஓட்டு'ன்னாரு. ரெண்டாவது தடவ கேட்டேன். செமினார்ல எல்லார் எதுத்தாப்லயும், 'நாத்து நடறவனுக்கெல்லாம் கூலும் விதி கத்துக் குடுக்க வேண்டியிருக்கு'ன்னாரு. மூணாவது தடவ கேக்கல."

சுருக்கம் வைத்த அன்று அவர் எனக்கு ஆதரவாக ஒரு வார்த்தை சொல்லாததை நான் மறக்கவில்லை. அதைக் கேட்கவும் செய்தேன். "ஏண்ணா அன்னைக்குச் சொல்லல?"

"பயம்மா" என்றார். வேறு விளக்கம் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லை அவ்வளவு நேராகச் சொன்ன மனிதரை அதற்கு மேல் என்ன கேட்பது?

இருவருமாகச் சிதம்பரம் போனோம். ரத வீதிகளைத் தாண்டிப் புதிதாக எழும்பிய நகர் ஒன்றில் சாரின் வீடு. போர்டிகோவில் எங்களை உட்கார வைத்து, வெகுநேரம் கழித்து வெளியே வந்தார். அவர் வந்ததும் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். நான் எழவில்லை.

"என்ன, ரெண்டு ஊரும் சேந்து வந்திருக்கு?" என்றார் சார், சிரித்துக்கொண்டே.

அண்ணன் விஷயத்தைச் சொன்னார்.  அந்த வாக்கியத்தை மட்டும் மாற்றி, நிரல் சாருடையது என்று ஒரு திருத்தம் போட்டால் போதும் என்றார்.

"தீசிஸ் யாரோடது? உன்னோடது. அட்டையில யார் பேரு? உன் பேரு. அப்போ தப்பு மட்டும் எப்பிடிப்பா என்னோடது ஆகும்? உங்க ரெண்டு பேரையும் ஆளாக்கினதே நான். அந்த நன்றிகூட இல்லாம வாசல்ல வந்து நிக்கிறீங்க."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். நான் பேச வாயெடுத்தேன். அதற்குள் அவரே நிமிர்ந்தார்.

"தீசிஸ்ல எம்பேரு சார். அதுலேர்ந்து வந்த பேப்பர்லயெல்லாம் மொதப் பேரு உங்க பேரு. சரியா இருந்த வரைக்கும் அது உங்க வேல. தப்புன்னு ஆனதும் என் வேலையா?"

சாருக்கு அந்தக் குரல் புதிது. சிரிப்பு நின்றது. "வெளிய போ" என்றார். "நீயும் போம்மா. உன்னால வந்த வினை எல்லாம்." கேட்டைத் தாண்டியதும் அண்ணன் சாலையோரம் உட்கார்ந்துவிட்டார்.  "சொல்லிட்டேன் இல்ல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். "சொல்லிட்ட, சொல்லிட்ட" என்றேன்.

சாரின் கட்டுரை வெளிவந்த ஆய்விதழுக்கு இருவருமாக எழுதினோம். பல மாதங்கள் கழித்து, மூல நிரலும் அதன் விரிவாக்கமும் நெறியாளரின் பொறுப்பில் நடந்தவை என்று ஒரு குறிப்பு வெளிவந்தது. ஒரு பத்தி. அதைப் படித்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியாது. அண்ணனின் கல்லூரி நிர்வாகம் படிக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் யாரும் யாரையும் கூப்பிட்டு எதுவும் கேட்கவில்லை. சாருக்குப் பெரிய மண்டபத்தில் பிரிவுபசார விழா நடந்தது. அண்ணன் அதே கல்லூரியில், அதே பதவியில் இன்னும் பாடம் நடத்துகிறார். ஆராய்ச்சியை விட்டுவிட்டார். எலக்ட்ரானைப் பற்றி என்னிடம் பேசுவதில்லை. ஸ்ரீமுஷ்ணத்தில் வாங்கிய மனை, பிள்ளைகளின் படிப்பு, இதுதான் பேச்சு. நல்ல மூளை ஒன்று இப்படி மடங்கிப்போனதை எந்தத் திருத்தக் குறிப்பில் எழுதுவது?

சென்ற பருவத்தில் எங்கள் கல்லூரி இயற்பியல் மன்றத் தொடக்க விழாவுக்கு முதல்வர் அவரையே அழைத்துவிட்டார். கேட்டுக்கு வெளியே ஃப்ளெக்ஸ் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. விடுப்பு எடுக்கலாமா என்று யோசித்தேன். இது என் கல்லூரி, நான் ஏன் ஒளிய வேண்டும் என்று தோன்றியது. மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தேன். வயதாகியிருந்தது, குரல் தளரவில்லை. ஒளி பட்டு எலக்ட்ரான் வெளியேறுவதைப் பேசினார். "போன எலக்ட்ரான அணு விட்டுடும்னு எல்லாரும் நெனைச்சாங்க. நான் சொன்னேன், விடாது. பொண்ணக் கட்டிக் குடுத்தாலும் தாய் மனசு பின்னாடியே போகுதில்ல? அந்த மாதிரி இழுத்துக்கிட்டே இருக்கும். அந்த இழுப்ப மொதல்ல கணக்குல சேத்தது நம்ம சிதம்பரத்துல" என்றார். மாணவிகள் கைதட்டினார்கள். முதல்வர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கேள்வி நேரத்தில் ஒலிவாங்கி வரிசையாகக் கை மாறி வந்தது. எழுந்து வாங்கிக்கொண்டேன். அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. "அட, கடலூர்!" என்றார். என் பெயரைச் சொல்லி, துறையைச் சொல்லிவிட்டுப் பேசினேன். "சார், அந்த இழுப்பைச் சேர்க்காமல் பல ஆண்டுகள் ஓடிய நிரல் நீங்கள் எழுதியது. அது விடுபட்டிருக்கிறது என்று உங்களிடம் முதலில் கேட்டவர் உங்கள் மாணவர்." அண்ணனின் முழுப் பெயரையும் ஊரையும் அவர் வேலை பார்க்கும் கல்லூரியையும் சொன்னேன். "நீங்கள் அவரை வாயை மூடச் சொன்னீர்கள். பிறகு தவறு அவருடையது என்று அச்சில் எழுதினீர்கள். இந்த மாணவிகளுக்கு அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்."  முதல்வர் பாதி எழுந்து நின்றார். சார் ஒரு கணம் என்னையே பார்த்துவிட்டுச் சிரித்தார். "என் மாணவி. கேள்வி கேக்கக் கத்துக் குடுத்ததே நான்தான்" என்றார். யாரோ தட்ட, எல்லோரும் தட்டினார்கள். என் கேள்வியையும் எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, பொன்னாடையோடு காரில் ஏறிப் போனார். முதல்வர் என்னை அறைக்குக் கூப்பிட்டுப் பேசியதை இங்கே எழுத வேண்டாம்.

மாலையில் அண்ணனுக்கு ஃபோன் செய்து நடந்ததைச் சொன்னேன்.  

"எம்பேரச் சொன்னியா?" என்றார்.

"சொன்னேண்ணா."

"முழுப் பேரா?"

"இனிஷியலோட."

"எல்லாருக்கும் கேட்டுச்சா?"

"மைக்ல சொன்னேண்ணா. வெளிய வராண்டாவுல நின்னவங்களுக்குக்கூடக் கேட்டிருக்கும்."

"சரிம்மா" என்றார். பிறகு பக்கத்தில் யாரிடமோ, மனைவியிடமாகத்தான் இருக்கும், ஃபோனை வைக்காமலே சொல்லிக்கொண்டிருந்தார். "கடலூர்ல சொல்லிட்டாங்களாம். தப்பு என்னோடது இல்லன்னு. மைக்ல."